ஊருக்கெல்லாம் நேரம் தந்தவர்

கடிகாரத் தொழிலைத் தலைகீழாக மாற்றிய ஆரன் டென்னிசனின் கதை

மணி என்ன என்று யாராவது கேட்டால், இப்போது பையிலிருக்கும் கைபேசியை எடுத்துப் பார்த்துச் சொல்கிறோம். நம் பாட்டன்மார் காலத்தில் அப்படி இல்லை. கல்வராயன் மலையில் சேவல் கூவினால் விடியல். நிழல் காலடிக்கு வந்தால் உச்சிப்பொழுது. மேயப்போன மாடு வீடு திரும்பினால் அந்தி. மலையிலிருந்து மூட்டை சுமந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்தவருக்கு அந்தக் கணக்கே போதுமானதாக இருந்தது.

ரயில் வந்ததும் அந்தக் கணக்கு போதவில்லை. சின்னசேலம் நிலையத்தில் வந்து நிற்கும் ரயில், நிழலைப் பார்த்துப் புறப்படுவதில்லை. மணியைப் பார்த்துத்தான் புறப்படுகிறது. ரயிலுக்குப் பின் ஆலைச் சங்கு வந்தது. பள்ளிக்கூட மணி வந்தது. கச்சேரி நேரம் வந்தது. சாமானிய மனிதனுக்கும் ஒரு கடிகாரம் தேவை என்ற நிலை ஏற்பட்டது.

ஆனால் கடிகாரம் என்பது ஜமீன்தாரும் துரையும் வைத்துக்கொள்ளும் பொருளாக அல்லவா இருந்தது? அது ஏழையின் சட்டைப்பைக்கு எப்படி வந்தது?

அதற்கு வழிகாட்டியவர்களில் முதன்மையானவர் ஓர் அமெரிக்கர். செருப்புத் தைப்பவரின் மகன். கடிகாரங்களை இயந்திரத்தால், ஆயிரக்கணக்கில் செய்ய முடியும் என்று நம்பியவர். அந்த நம்பிக்கைக்காக ஓர் ஆலையைக் கட்டி இழந்தார். இன்னோர் ஆலையைத் தொடங்கி அதையும் இழந்தார். அவர் வகுத்த வழியில் மற்றவர்கள் கோடீசுவரர்கள் ஆனார்கள். ஊருக்கெல்லாம் நேரம் தந்தவருக்கு அவருடைய நேரம் மட்டும் சரியாக அமையவில்லை.

அவர் பெயர் ஆரன் லஃப்கின் டென்னிசன்.

செருப்புக் கடையில் பிறந்த யோசனை

1812-ம் ஆண்டு மார்ச் 6-ந் தேதி, அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மெய்ன் மாநிலத்தில், ஃப்ரீபோர்ட் என்ற சிற்றூரில் டென்னிசன் பிறந்தார். தகப்பனார் ஆண்ட்ரூ டென்னிசன் செருப்புத் தைப்பவர். வசதியான குடும்பம் அல்ல. சிறுவன் ஆரன் மாடு மேய்த்தான். கட்டடம் கட்டுமிடத்தில் சுமை தூக்கினான். விறகு வெட்டி விற்றான். மற்ற நேரங்களில் தந்தையோடு அமர்ந்து செருப்புத் தைத்தான்.

அங்கேதான் அவனுடைய மூளை வேலை செய்யத் தொடங்கியது. தந்தை ஒரு ஜோடியை எடுத்து, தோல் வெட்டி, தைத்து, அடித்து முடித்த பிறகே அடுத்த ஜோடியைத் தொடுவார். அன்றைய வழக்கம் அது. ஒரே நேரத்தில் பல ஜோடிகளுக்குத் தோலை வெட்டிக்கொண்டு, பிறகு எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தால் வேலை விரைவாக முடியாதா என்று மகன் கேட்டான். சின்ன யோசனைதான். ஆனால் பின்னாளில் அவர் செய்த காரியங்கள் அனைத்துக்கும் விதை இந்த யோசனையில் இருந்தது.

18 வயதில், பிரன்ஸ்விக் என்ற ஊரிலிருந்த ஜேம்ஸ் கேரி என்ற கடிகாரக்காரரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அங்கும் அவர் சும்மா இருக்கவில்லை. பல்சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கையால் வெட்டுவதற்குப் பதில், அவற்றைத் தானே வெட்டும் ஓர் இயந்திரம் செய்யலாம் என்று முதலாளியிடம் யோசனை சொன்னார். பயிற்சி முடிந்ததும் கேரி அவரைத் தம்முடைய கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ள விரும்பினார். வேறு வாலிபராயிருந்தால் அதுவே போதும் என்று இருந்திருப்பார். டென்னிசன் மறுத்துவிட்டார். தமக்குத் தொழில் இன்னும் முழுமையாகத் தெரியவில்லை என்று எண்ணி, 1833-ல் பாஸ்டன் நகருக்குப் புறப்பட்டார்.

ஒன்றுபோல் ஒன்று இல்லை

பாஸ்டனில் பெரிய நகைக் கடைகளில் கடிகாரம் பழுது பார்க்கும் வேலை கிடைத்தது. இங்கிலாந்திலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் வந்த உயர்ந்த கடிகாரங்கள் அவர் மேசைக்கு வந்தன. பிரித்துப் பார்த்தபோது அவருக்கு ஒரு விஷயம் புரிந்தது. வெளியே பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும், உள்ளே ஒரு கடிகாரத்தின் உறுப்பு மற்றொரு கடிகாரத்துக்குப் பொருந்துவதில்லை. ஒரே பெயர் பொறித்த இரண்டு கடிகாரங்களுக்குக்கூட அதே கதிதான்.

காரணம் என்ன? அக்காலத்தில் கடிகாரத்தை ஒருவர் செய்வதில்லை. ஒரு வீட்டில் சக்கரம் செய்வார்கள். இன்னொரு வீட்டில் அச்சு கடைவார்கள். வேறொருவர் வில்சுருள் செய்வார். சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைக் கிராமங்களில், பனிக்காலத்தில் வயல்வேலை இல்லாதபோது, குடியானவர்கள் வீட்டிலிருந்தபடியே இந்த உறுப்புகளைச் செய்து கொடுப்பது வழக்கம். கடைசியில் ஒரு தேர்ந்த கைவினைஞர் எல்லாவற்றையும் வாங்கி, அரத்தால் ராவி, ஒன்றோடொன்று பொருந்தச் செய்வார். அவருடைய கைதான் கடிகாரத்தை ஓட வைத்தது.

நம்முடைய கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது. ஒரு தச்சர் செதுக்கிய கதவின் யாளியை எடுத்து இன்னொரு தச்சர் செய்த நிலையில் பொருத்த முடியுமா? முடியாது. பொருந்த வேண்டிய அவசியமும் இல்லை. ஒவ்வொன்றும் தனிப்படைப்பு என்பதே அதன் பெருமை. விலையும் அதனால்தான்.

சிற்பத்துக்கு அது பெருமை. கடிகாரத்துக்கு அதுவே தொல்லை. ஒரு பல் உடைந்தால் புதுச் சக்கரம் கடையில் கிடைக்காது. மறுபடி ஒருவர் உட்கார்ந்து அந்தக் கடிகாரத்துக்கென்றே செய்ய வேண்டும். நாள் கணக்கில் வேலை. கூலியும் அதிகம். இந்த நிலை மாறாத வரை கடிகாரம் ஏழைக்கு எட்டாத பொருள்தான் என்பதை டென்னிசன் உணர்ந்தார்.

துப்பாக்கி சொன்ன வழி

அந்நாளில் அமெரிக்காவில் ஒரு புதுமை நடந்துகொண்டிருந்தது. ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் அரசாங்கத்தின் ஆயுதச்சாலை இருந்தது. அங்கே துப்பாக்கிகளை ஒரே அளவில் செய்யும் முறையை வகுத்திருந்தார்கள். பத்துத் துப்பாக்கிகளைப் பிரித்து, உறுப்புகளையெல்லாம் ஒரு குவியலாகக் கலந்து, கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டினாலும் பத்துத் துப்பாக்கிகள் கிடைக்கும். போர்க்களத்தில் ஒரு துப்பாக்கியின் விசை உடைந்தால், இன்னொன்றின் விசையை எடுத்து மாட்டலாம்.

துப்பாக்கிக்கு முடிந்தது கடிகாரத்துக்கு ஏன் முடியாது? டென்னிசன் மனத்தில் இந்தக் கேள்வி குடிகொண்டுவிட்டது.

கேட்டவர்கள் சிரித்தார்கள். துப்பாக்கியின் உறுப்பு உள்ளங்கை அளவு. கடிகாரத்தின் திருகாணி எள்ளைவிடச் சிறியது. துப்பாக்கியில் தலைமயிர் கனம் வித்தியாசம் இருந்தால் குடி முழுகிவிடாது. கடிகாரத்தில் அந்த வித்தியாசம் இருந்தால் அது ஓடவே ஓடாது. எனவே அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே பலர் நினைத்தார்கள்.

டென்னிசன் அளவிலிருந்து தொடங்கினார். கடிகாரக்காரர்கள் ஒவ்வொருவரும் வில்சுருளை ஒவ்வொரு கணக்கில் அளந்து வந்தார்கள். எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவுகோலை 1840-ல் அவர் செய்தார். டென்னிசன் அளவுகோல் என்று அதற்குப் பெயர். பழைய கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் வெகுகாலம் அதைக் கையாண்டு வந்தார்கள்.

இடையில் வேறொரு தொழிலும் அவர் கையால் பிறந்தது. நகைகளை வைக்கும் சிறு அட்டைப் பெட்டிகளை அமெரிக்கக் கடைக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து வந்தார்கள். டென்னிசன் 1844-ல் அட்டை வாங்கி, பிரன்ஸ்விக்கில் இருந்த தகப்பனாரிடம் கொடுத்து, வீட்டிலேயே பெட்டி செய்ய ஏற்பாடு செய்தார். வியாபாரம் நன்றாக நடந்தது. ஆனால் அவருடைய மனம் கடிகாரத்தில் இருந்தது. பெட்டித் தொழிலைச் சகோதரர் எலிஃபலட்டிடம் விட்டுவிட்டார். சகோதரர் அதை வளர்த்தார். பெட்டியோடு பொருள்களில் கட்டும் அட்டைச் சீட்டுகளும் செய்தார். டென்னிசன் மானுஃபாக்சரிங் கம்பெனி என்ற அந்த நிறுவனம் 1990-ல் மற்றொரு பெரிய கம்பெனியோடு இணைந்தது. ஏவரி டென்னிசன் என்ற பெயரில், பொருள்களின் மேல் ஒட்டும் சீட்டுகளை உலகெங்கும் செய்து வருகிறது. ஆரன் டென்னிசன் மனமில்லாமல் கைவிட்ட தொழில், அவர் பெயரை இன்றும் காப்பாற்றி வருகிறது!

ராக்ஸ்பரியில் தொடக்கம்

யோசனை மட்டும் இருந்தால் ஆலை வந்துவிடாது. பணம் வேண்டும். அதற்கும் ஆள் கிடைத்தார்கள். எட்வர்டு ஹோவர்டு என்பவரும் டேவிட் டேவிஸ் என்பவரும் பாஸ்டனில் சுவர்க்கடிகாரங்களும் தராசுகளும் செய்து பெயர் பெற்றிருந்தார்கள். டென்னிசனின் பேச்சில் ஹோவர்டுக்கு நம்பிக்கை பிறந்தது. சாமுவேல் கர்ட்டிஸ் என்ற செல்வந்தர் 20,000 டாலர் முதல் போட்டார். பாஸ்டனை அடுத்த ராக்ஸ்பரியில் 1850-ல் ஆலை எழும்பியது.

டென்னிசன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறி, அங்குள்ள வேலைமுறைகளைப் பார்த்து வந்தார். அமெரிக்காவில் அப்போது கடிகார முகப்புக்குப் பீங்கான் பூச்சுப் பூசத் தெரிந்தவர் கிடைப்பது அரிது. தகடுகளுக்குப் பொன்முலாம் பூசும் நுட்பமும் புதிது. ஒவ்வொன்றையும் தொடக்கத்திலிருந்து கற்க வேண்டியிருந்தது. கடிகாரம் செய்வதற்கு முன், கடிகாரம் செய்யும் இயந்திரத்தைச் செய்ய வேண்டும். அந்த இயந்திரத்தைச் செய்வதற்கு முன், அதற்கான கருவியைச் செய்ய வேண்டும். முதல் பணமெல்லாம் இதிலேயே கரைந்தது.

ஒருமுறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும் கடிகாரம் செய்வது முதல் திட்டம். அது சரிப்படவில்லை. பிறகு ஒன்றரை நாள் ஓடும் சாதாரணக் கடிகாரத்துக்கு மாறினார்கள். முதலில் தயாரான 17 கடிகாரங்கள் கம்பெனிக்காரர்களுக்கே போயின. அதன் பிறகே வெளியாருக்கு விற்பனை தொடங்கியது.

இந்த ஆரம்ப காலத்தில் உறுப்புகள் டென்னிசன் கனவு கண்டபடி முழுமையாக ஒத்துப்போகவில்லை. கைவேலை இன்னும் தேவைப்பட்டது. ஆனால் பாதை சரியானது என்று தெரிந்துவிட்டது.

வால்தம் கண்ட வளர்ச்சி

ராக்ஸ்பரியில் தெருப்புழுதி அதிகம். கடிகாரத்துக்குப் புழுதி எமன். சுத்தமான காற்றும் விசாலமான இடமும் தேடி, பாஸ்டனுக்கு மேற்கே சார்லஸ் ஆற்றங்கரையிலிருந்த வால்தம் என்ற ஊருக்கு 1854-ல் ஆலையை மாற்றினார்கள். பஞ்சு உள்ளே போய்த் துணியாக வெளியே வரும் பெரிய நூற்பாலையை 1810-களிலேயே கண்ட ஊர் அது. இப்போது உலோகம் உள்ளே போய்க் கடிகாரமாக வெளியே வந்தது.

எல்லா வேலையும் ஒரே கூரையின் கீழ் நடந்தது. பெண்கள் பலர் வேலைக்கு வந்தார்கள். நுண்ணிய உறுப்புகளைக் கையாள அவர்களுடைய விரல்கள் ஏற்றவையாக இருந்தன. ஆலையைச் சுற்றி வீடுகளும் கடைகளும் எழுந்தன. பின்னாளில் அந்த ஊருக்குக் கடிகார நகரம் என்றே பெயர் வந்தது.

ஆனால் வரவைவிடச் செலவு அதிகமாகவே இருந்தது. இடம், கட்டடம், இயந்திரம், கூலி எல்லாம் கடன். அமெரிக்காவில் 1857-ல் வியாபாரம் தளர்ந்தது. கடன் கொடுத்தவர்கள் நெருக்கினார்கள். கம்பெனி திவாலாயிற்று. 1857 மே மாதம் ஆலை ஏலத்துக்கு வந்தது.

ஏலத்தில் எடுத்தவர் ராயல் ராபின்ஸ் என்ற நியூயார்க் கடிகார வியாபாரி. விலை 56,500 டாலர். டென்னிசனும் ஹோவர்டும் ஏழு ஆண்டுகள் இரவும் பகலும் பாடுபட்டு உண்டாக்கிய ஆலை, ஒரே நாளில் அடுத்தவருக்குச் சொந்தமாயிற்று.

சொந்த ஆலையில் சம்பளக்காரர்

இந்த இடத்தில் இரு நண்பர்களின் பாதை பிரிந்தது. ஹோவர்டு மனம் நொந்து ராக்ஸ்பரிக்குத் திரும்பி, தம் பெயரிலேயே வேறு கடிகாரக் கம்பெனி தொடங்கினார். டென்னிசன் போகவில்லை. தாம் பெற்ற ஆலையை விட்டுப் பிரிய மனமில்லை போலும். புதிய முதலாளியின் கீழ் மேற்பார்வையாளராகச் சம்பளத்துக்கு அமர்ந்தார்.

ராபின்ஸ் கணக்கில் கெட்டிக்காரர். எதைச் செய்தால் விற்கும், எவ்வளவுக்கு விற்கும் என்று அறிந்தவர். டென்னிசனோ புதிது புதிதாகச் செய்து பார்ப்பவர். முதலாளிக்கு லாபம் பெரிது. மேற்பார்வையாளருக்கு முறை பெரிது. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. சில ஆண்டுகளில் டென்னிசன் வேலையை இழந்து வெளியேறும்படி ஆயிற்று.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். அவர் வெளியேறிய சமயத்தில்தான் வால்தம் ஆலைக்கு நல்ல காலம் பிறந்தது. 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் நான்கு ஆண்டுகள் மோதிக்கொண்டன. வீட்டைவிட்டு வெகுதூரம் போன சிப்பாய்கள் ஆளுக்கொரு கடிகாரம் வாங்க விரும்பினார்கள். வில்லியம் எல்லரி என்று பெயரிட்ட மலிவான கடிகாரம் ஒன்றை வால்தம் ஆலை செய்து விற்றது. சிப்பாய்கள் அதை ஆவலோடு வாங்கினார்கள். டென்னிசன் கண்ட கனவு பலித்தது. ஆனால் பலன் அவர் கைக்கு வரவில்லை.

இரண்டாவது அடி

அவர் சோர்ந்துவிடவில்லை. அப்போது வயது ஐம்பதைக் கடந்திருந்தது. 1864-ல் கூட்டாளிகளோடு சேர்ந்து டிரெமாண்ட் வாட்ச் கம்பெனி என்ற புது நிறுவனத்தை பாஸ்டனில் தொடங்கினார்.

இந்த முறை ஒரு புது வழி வகுத்தார். நுண்ணிய கைவேலை வேண்டிய சக்கர வரிசைகளை, கூலி குறைந்த சுவிட்சர்லாந்தில் செய்விப்பது. தகடு முதலிய மற்ற உறுப்புகளை பாஸ்டனில் இயந்திரத்தால் செய்து, அங்கேயே பூட்டுவது. ஒரு பொருளின் உறுப்புகளைப் பல தேசங்களில் செய்து ஓரிடத்தில் பூட்டுவது இன்று சர்வசாதாரணம். நம் கையிலுள்ள கைபேசியும் அப்படி வந்ததே. டென்னிசன் அதை 1864-லேயே நடத்திக் காட்டினார். இதற்காக அவரே சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் போய்த் தங்கி வேலையைக் கவனித்தார்.

அவர் கடல்கடந்து இருந்தபோது, பாஸ்டனில் இருந்த கூட்டாளிகள் வேறு முடிவுக்கு வந்தார்கள். எல்லா உறுப்புகளையும் தாங்களே செய்வதென்று ஆலையை மெல்ரோஸ் என்ற ஊருக்கு 1866-ல் மாற்றினார்கள். முன்பு ராக்ஸ்பரியிலும் வால்தமிலும் பட்ட அடியை நினைத்து டென்னிசன் இதற்கு உடன்படவில்லை. கம்பெனியைவிட்டு விலகினார். அவர் அஞ்சியபடியே முடிந்தது. 1868-ல் கம்பெனி மூடப்பட்டது.

பர்மிங்காமில் கிடைத்த கரை

இரண்டாவது ஆலையும் போயிற்று. டென்னிசன் இங்கிலாந்துக்குப் போனார். மூடிய ஆலையின் இயந்திரங்களை வாங்க ஆள் தேடி, பர்மிங்காம் நகரில் ஓர் ஆங்கிலக் கம்பெனியை ஏற்பாடு செய்தார். பிறகு அந்த நகரிலேயே தங்கிவிட்டார்.

அங்கே 1870-களில் அவர் தொடங்கியது சிறு தொழில். கடிகாரத்தின் உள் இயந்திரம் அல்ல, அதன் மேல்கூடு. வெள்ளியிலும் பொன்னிலும் கூடு செய்யும் வேலை. அட்டைப் பெட்டி செய்தவர் இப்போது கடிகாரத்துக்குப் பெட்டி செய்தார் என்றே சொல்லலாம். வால்தம் கம்பெனி இங்கிலாந்தில் விற்ற கடிகாரங்களுக்கும் அவர் கூடு செய்து கொடுத்தார். எந்த ஆலையிலிருந்து வெளியேற்றப்பட்டாரோ, அந்த ஆலையின் கடிகாரங்களுக்கே அவர் கடைசியில் சட்டை தைத்துப் போட்டார்!

இந்தத் தொழில் அவரைக் கைவிடவில்லை. மகன் ஃபிராங்க்ளின் துணைக்கு வந்தார். வியாபாரம் பெருகியது. 1895-ம் ஆண்டு ஜனவரி 9-ந் தேதி, 82-வது வயதில், பர்மிங்காமிலேயே டென்னிசன் காலமானார். அவர் விட்டுச்சென்ற கூட்டுத் தொழில் 1967 வரை நடந்தது. ரோலெக்ஸ், ஒமேகா முதலிய பெரும்பெயர் பெற்ற கடிகாரங்களும் டென்னிசன் கூடு அணிந்து வந்ததுண்டு.

சுவிஸ்காரர்கள் கற்ற பாடம்

தாம் வகுத்த முறை உலகை வென்றதை டென்னிசன் உயிரோடிருக்கும்போதே பார்த்தார். அமெரிக்காவின் நூறாவது ஆண்டு விழாவுக்காக 1876-ல் பிலடெல்பியா நகரில் மாபெரும் கண்காட்சி நடந்தது. எள்ளளவு திருகாணிகளைத் தானே கடைந்து தள்ளும் இயந்திரங்களை வால்தம் கம்பெனி அங்கே ஓட்டிக் காட்டியது.

சுவிட்சர்லாந்திலிருந்து வந்த நிபுணர்கள் திகைத்து நின்றார்கள். அவர்களில் ஜாக் டேவிட் என்பவர் லாஞ்ஜீன்ஸ் கம்பெனியின் பொறியாளர். அவர் அமெரிக்க ஆலைகளைச் சுற்றிப் பார்த்து, நீண்ட அறிக்கை ஒன்று எழுதித் தம் தேசத்தாருக்குக் கொடுத்தார். அதன் சாரம் எச்சரிக்கை. வீட்டுக்கு வீடு உறுப்புச் செய்யும் பழைய முறையை மாற்றாவிட்டால் பிழைக்க முடியாது என்பது அவர் கண்ட முடிவு. சுவிஸ்காரர்கள் முதலில் தயங்கினார்கள். பிறகு விழித்துக்கொண்டார்கள். இயந்திரத்தை ஏற்றார்கள். பழைய கைத்திறனையும் விடவில்லை.

வால்தம் அப்போது உச்சியில் இருந்தது. 1891-ல் ஓஹியோ மாநிலத்தில் கிப்டன் என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. ஓட்டுநர் ஒருவருடைய கடிகாரம் சில நிமிஷங்கள் நின்று, பிறகு ஓடியதே காரணம் என்று தெரிந்தது. அதன் பின் ரயில்வே ஊழியர் வைத்திருக்க வேண்டிய கடிகாரத்துக்குக் கடுமையான விதிகள் வந்தன. அந்த விதிகளுக்கு உட்பட்ட கடிகாரங்களைச் செய்து கொடுத்ததில் வால்தமுக்குப் பெரும் பங்கு உண்டு. மலிவுக்கும் பஞ்சமில்லை. இங்கர்சால் என்ற இன்னொரு அமெரிக்கக் கம்பெனி 1896-ல் ஒரே டாலருக்குக் கடிகாரம் விற்றது. டென்னிசன் கனவு கண்ட ஏழையின் கடிகாரம் வந்தேவிட்டது.

சரிவு தொடங்கியது

ஏறியதெல்லாம் இறங்கும் என்பார்கள். வால்தம் இறங்கியது எப்படி?

முதல் உலக யுத்தத்தின்போது கடிகாரம் சட்டைப்பையிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறியது. பதுங்குகுழியில் கிடக்கும் சிப்பாய் ஒரு கையில் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பைக்குள் துழாவ முடியுமா? யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவர்கள் கைக்கடிகாரத்தோடு திரும்பினார்கள். சட்டைப்பைக் கடிகாரம் கிழவர்கள் பொருளாயிற்று.

சுவிஸ்காரர்கள் இந்த மாற்றத்துக்கு விரைவாக ஈடுகொடுத்தார்கள். சிறிய, மெல்லிய கைக்கடிகாரங்களை விதவிதமாக அனுப்பினார்கள். வால்தமும் கைக்கடிகாரம் செய்தது. ஆனால் அதன் இயந்திரங்களும் பழக்கங்களும் பழைய காலத்தவை. கடன் ஏறியது. 1920-களின் தொடக்கத்தில் நிர்வாகம் கைமாறியது. சிக்கனத்தால் கம்பெனி சில காலம் தலைநிமிர்ந்தது. ஆனால் சிக்கனம் மட்டும் புது இயந்திரம் ஆகிவிடாது.

இரண்டாம் உலக யுத்தத்தில் ஆலை முழுவதும் ராணுவ வேலைக்குத் திரும்பியது. யுத்தத்தில் கலவாத சுவிட்சர்லாந்து கடிகாரம் செய்துகொண்டே இருந்தது. சமாதானம் வந்தபோது கடைகளில் சுவிஸ் கடிகாரங்கள் நிறைந்திருந்தன. வால்தம் 1949-ல் நீதிமன்றத்தின் கையில் இருந்தது. அரசாங்கம் கடன் கொடுத்தும் பிழைக்கவில்லை. 1957-ல் கடிகாரம் செய்வதை நிறுத்தியது. அதுவரை அந்த ஆலை செய்த கடிகாரங்கள் 3 கோடிக்கு மேல். சார்லஸ் ஆற்றங்கரையில் அந்தச் செங்கல் கட்டடம் இன்றும் நிற்கிறது. உள்ளே அலுவலகங்களும் குடியிருப்புகளும் இருக்கின்றன.

நம் வீட்டுக் கதையும் அதுவே

இது அமெரிக்கக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். நம் நாட்டிலும் இதே கதை நடந்தது.

சுதந்திரத்துக்கு முன் இந்தியர் கையில் இருந்தவை பெரும்பாலும் சுவிஸ் கடிகாரங்கள். வெஸ்ட் எண்டு, ஃபாவர் லூபா போன்ற பெயர்களைப் பழையவர்கள் அறிவார்கள். 1961-ல் பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் உதவியோடு பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. பிரதமர் நேருவின் ஆசியோடு வந்த கடிகாரம் அது. ஜனதா என்று ஒரு மாடலுக்குப் பெயர். ஜனங்களின் கடிகாரம் என்பது பொருள். பரீட்சையில் தேறிய பிள்ளைக்கும், மணவறையில் அமர்ந்த மாப்பிள்ளைக்கும் எச்.எம்.டி. வாங்கிக் கொடுத்தது ஒரு காலம். டென்னிசன் பாஸ்டனில் கண்ட கனவு, நூறு ஆண்டுகளுக்குப் பின் நம் ஊர்க் கல்யாண வீடுகளில் நனவாயிற்று.

பிறகு சாவி கொடுக்க வேண்டாத, மின்கலத்தில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரம் வந்தது. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடா குழுமமும் சேர்ந்து 1984-ல் உண்டாக்கிய டைட்டான் கம்பெனி, ஓசூரில் ஆலை அமைத்து அந்தப் புதுவகையைக் கையிலெடுத்தது. எச்.எம்.டி. குவார்ட்ஸ் செய்யாமல் இல்லை. ஆனால் பழைய வழக்கத்தின் பாரம் அதை இழுத்தது. நஷ்டம் பெருகியது. 2016-ல் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு முடிவு செய்தது. வால்தமுக்குக் கைக்கடிகாரம் செய்த வேலையை எச்.எம்.டி.க்குக் குவார்ட்ஸ் செய்தது.

யாருக்குச் சொந்தம்?

டென்னிசன் வாழ்க்கையை முழுதாக எடுத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ஆலை அவருக்குச் சொந்தமாக நிலைக்கவில்லை. ஏலத்தில் எடுத்த ராபின்சுக்கும், அவருக்குப் பின் வந்தவர்களுக்கும்கூட நிலைக்கவில்லை. கட்டடம் கைமாறும். இயந்திரம் துருப்பிடிக்கும். பங்குப் பத்திரம் வெறும் காகிதமாகும்.

நிலைத்தது வழிமுறை. ஓர் உறுப்பு உடைந்தால் அதே அளவுள்ள வேறோர் உறுப்பைக் கடையில் வாங்கி மாட்டலாம் என்பதை இன்று யாரும் பெரிதாக நினைப்பதில்லை. கல்வராயன் மலை வெள்ளிமலையில் ஒருவருடைய மோட்டார் சைக்கிள் சங்கிலி அறுந்தால், கள்ளக்குறிச்சிக் கடையில் புதிது வாங்கி மாட்டிக்கொண்டு மாலைக்குள் மலையேறிவிடுகிறார். அந்தச் சங்கிலியைச் செய்தவர் இந்த வண்டியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. இருந்தும் பொருந்துகிறது. அப்படிப் பொருந்தும் என்று, எள்ளைவிடச் சிறிய திருகாணியை வைத்து நிரூபிக்கப் புறப்பட்டவர் டென்னிசன்.

வால்தம் கம்பெனி வாழ்ந்தது, புதிய முறையைத் துணிந்து ஏற்றதால். வீழ்ந்தது, அந்தப் புதிய முறையே பழையதாகிவிட்டதைக் கவனியாததால். மணி காட்டும் பொருளைச் செய்தவர்கள், காலம் நகர்வதைப் பார்க்கத் தவறினார்கள்.

செருப்புத் தைப்பவரின் மகன் தந்தையிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். இதைவிட நல்ல வழி இல்லையா? அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான், இரண்டு ஆலைகளை இழந்த பிறகும் அவருக்கு மூன்றாவது தொழில் கிடைத்தது. கேட்பதை நிறுத்திய ஆலை, கடைசியில் ஒன்றும் இல்லாமல் போயிற்று.